பரோட்டா மாவில் பிடித்த லாரி சாமான்

1991-ஆம் வருஷம், தை முடிந்து மாசி பிறந்த சமயம். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பாதையில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மெக்கானிக் வேலையும் நன்றாகத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதோடு ரொம்பக் கூச்ச சுபாவம். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்துக்கொண்டு நின்றால்கூட, அவர்களாகப் பார்த்து எடுக்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்ட நான் மெட்ராஸுக்குத் தனியாகப் போய் லாரி சாமான் வாங்கி வந்தேன் என்று சொன்னால், இன்றைக்கும் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த முதலாளிக்கு ஏழெட்டு லாரிகள் இருந்தன. அவருடைய ஷெட்டின் பின்பக்கம், ஏரிக்கரை ஓரமாக, ஒரு பழைய லாரி கிடந்தது. அந்தக் காலத்து லாரிகளுக்கு முன்னால் மூக்கு மாதிரி பானெட் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அது கிடையாது. முகம் சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே, கேபினுக்குள்ளே ஒரு தகரப் பெட்டியால் மூடி இருக்கும். எல்லோரும் அதை மொட்டை லாரி என்பார்கள். சீமையிலிருந்து சாமான் வரவழைத்து இங்கே பூட்டிய ரகம். பிற்பாடு அந்த ரகமே நின்றுபோனது. சாமான் கிடைக்காமல் ஒரு நாள் நிறுத்தியவர்கள் அப்புறம் எடுக்கவே இல்லை. சீமைக் கருவேலஞ் செடி ஒன்று அதன் அடியில் முளைத்து, கேபின் தரை வழியாக மேலே வந்து, ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் முதலாளியிடம் அந்த லாரியைக் கேட்டார். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் செங்கல், மணல் என்று அடித்து எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. முதலாளி சிரித்துவிட்டு, ஒரு வார்த்தை சொன்னார்.

"அது தானா ஓடி இந்த கேட்டைத் தாண்டுனா உன்னுதுடா. கவுறு கட்டி இழுத்துக்கினு போறதா இருந்தா, காயலான் கடைக்காரன் இழுத்துக்கினு போவட்டும்."

முதலாளி சொன்ன சொல் மாறாத மனுஷர் என்பதால் என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வேலை முடிந்த நேரமெல்லாம் அந்த லாரியோடுதான். நானும் கூடப் போனேன். முதலில் சோறு கொண்டு போனேன், அப்புறம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது என் வேலை என்று ஆகிவிட்டது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓட்டை, இடுக்கு எல்லாம் தேய்ப்பேன். ஒவ்வொரு சாமானும் என் கைக்குப் பழக்கம். பேர்தான் தெரியாது.

இல்லாத சாமான்களைத் தேடியது தனிக் கதை. அந்த ரக லாரிகள் செத்துப் போயிருந்தாலும் அவற்றின் உறுப்புகள் ஊர் ஊராக வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ரேடியேட்டர் ஒரு நெல் மெஷினில் ஆயில் இன்ஜினின் சூட்டைத் தணித்துக்கொண்டிருந்தது. இடது பக்கக் கதவை வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்திருந்தார்கள். நான்தான் அதைப் பார்த்தேன். உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய், கை கழுவப் பின்பக்கம் போனபோது, அந்த ஜன்னல் வளைவைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லி, இவர் மறுநாள் ஒரு மரக்கதவு செய்து எடுத்துக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வந்தார். கோழிக்கும் நஷ்டமில்லை.

ஊரில் கிண்டலுக்குக் குறைவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "உன் சக்களத்தி எப்படிக் கீறா? எண்ணெய் தேய்ச்சிக் குளிப்பாட்டினியா?" என்பார்கள். லாரியைத்தான் சொல்கிறார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் மனசுக்குள்ளே ஒரு பெருமைதான். அதற்கு முந்தின தீபாவளிக்குக் கருவேலஞ் செடியை வெட்டியெடுத்த வண்டி, பொங்கலுக்கு இன்ஜின் பிடித்துப் புகை விட்டது. நான் கழுவிய சாமான்கள் எல்லாம் உள்ளே ஓடுகிற சத்தம் அது.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் சேதி வந்தது. ஷெட் இருந்த நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார் முதலாளி. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நிலத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் லாரி தானாக வெளியே வரவில்லை என்றால் மற்ற தகரங்களோடு சேர்த்துக் காயலான் கடைக்குப் போய்விடும்.

இன்ஜின்தான் ஓடுகிறதே, என்ன கவலை என்று இருந்தோம். ஒப்படைக்க வேண்டிய வாரத் திங்கட்கிழமை கியர் போட்டுப் பார்த்தார். 'டக்' என்று அடியில் ஒரு சத்தம். கியர் கம்பி கையோடு ஆடியது. மொட்டை லாரியில் ஒரு சங்கடம் உண்டு. மூக்கு வைத்த லாரியில் கியர் கம்பி கியர் பெட்டியின் தலையிலேயே நிற்கும். இதில் டிரைவர் முன்னால் உட்காருகிறார், கியர் பெட்டியோ இன்ஜினுக்கும் பின்னால் கிடக்கிறது. அதனால் அடியில் ஒரு நீளக் கம்பி போகும். அந்தக் கம்பியும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஒரு வளைந்த இரும்புத் துண்டு, கையகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒரு முனையில் உருண்டை. மறு முனையில் இரண்டு காது, ஒரு காதில் பெரிய ஓட்டை, இன்னொன்றில் சின்ன ஓட்டை. அதுதான் உடைந்திருந்தது. வார்ப்பு இரும்பு. ஸ்ரீபெரும்புதூரில் கொடுத்து ஒட்டிக்கொண்டு வந்தோம், மாட்டி இழுத்ததும் ஒட்டிய இடத்திலேயே மறுபடி விட்டுப்போனது. புதிதாக வார்க்கலாம் என்றால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

இந்த ஆத்திரத்தில் இவர் அடியில் படுத்து அந்தத் துண்டைக் கழற்றும்போது ஜாக்கி சரிந்து, இடது மணிக்கட்டில் விழுந்துவிட்டது. எலும்பு முறிவு. கட்டு போட்டுக்கொண்டு வந்த அன்றே நல்ல காய்ச்சல். புதன்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்து, புதுப்பேட்டைக்குப் போக வேண்டும் என்று சட்டையைத் தேடினார். மெட்ராஸில் பழைய வண்டிகளைப் பிரித்து சாமான் விற்கிற இடம் புதுப்பேட்டை. அங்கே இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை. ஆனால் எழுந்தவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் போகிறேன் என்று எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார், "நீ ஒண்ணும் பேச வேணாம். உடைஞ்ச துண்டை எடுத்துக் காட்டு. அங்க சாம்பிள் இருந்தா போதும், பேரு ஊரெல்லாம் கேக்க மாட்டாங்க."

அதுதான் எனக்குத் தைரியம். பேச வேண்டாம், காட்டினால் போதும்.

உடைந்த இரண்டு துண்டையும் துணியில் சுற்றி, வயர் கூடையில் அடியில் வைத்து, மேலே புளிச்சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பூந்தமல்லியில் டவுன் பஸ் மாறினேன். நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நான் கேட்காமலே கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நம் பக்கத்தில் அது வழக்கம்தானே, நிற்பவர் பையை உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்வது. "இன்னாம்மா, கல்லா வச்சிக்கிறே? இம்மாம் கனம் கனக்குது" என்றார். நான் சிரித்தேன், அவ்வளவுதான்.

வழியில் ஒரு ஸ்டாப்பிங்கில் நிறைய பேர் இறங்கினார்கள். நான் படிக்கட்டுப் பக்கம் தள்ளப்பட்டிருந்தேன். இறங்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும் என்று கீழே இறங்கி நின்றேன். கடைசி ஆள் இறங்கியதும் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. ஒரே ஒரு தடவை, "நில்லுங்க" என்று கத்தியிருந்தால் நின்றிருக்கும். கை தூக்கினேன். அத்தனை பேர் நடுவில் கத்துவதா என்று ஒரு நொடி யோசித்தேன் பாருங்கள், அந்த ஒரு நொடியில் பஸ் போயே போய்விட்டது. அந்த அம்மாவின் மடியில் என் கூடையும் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் ஏறிப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கூடையும் கிடைக்கவில்லை, அந்த அம்மாவும் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் போய் நின்றேன், அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினேன். வந்தால் வைக்கிறோம், நாளைக்கு வந்து பாரும்மா என்றார். நாளைக்கு என்றால் வியாழக்கிழமை. நல்லவேளை, சுருக்குப் பை இடுப்பில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. வெறும் கையோடு புதுப்பேட்டைக்குப் போனேன்.

அந்தத் தெருவைப் பார்த்ததும் எனக்கு மலைத்துவிட்டது. இரண்டு பக்கமும் இரும்பு மலை. கதவு ஒரு குவியல், ஸ்டீயரிங் ஒரு குவியல், அச்சு ஒரு குவியல். எல்லாம் ஆண்கள். ஒரு கடை வாசலில் போய் நின்றேன். கடைக்காரர், "இன்னாம்மா வேணும்?" என்றார். மொட்டை லாரிக்குக் கியரில் வருகிற ஒரு சாமான் என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது, அவர் மூன்று தடவை கேட்டார். பிறகு, "சாம்பிள் கீதா?" என்றார். இல்லை என்றேன். "சாம்பிள் இல்லாம கியரு சாமான்னா நான் இன்னான்னு எடுக்கிறது? போய் எடுத்துக்கினு வா" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த கடையிலும் அதேதான். அதற்கடுத்த கடையில் கையால் காற்றில் வளைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

தெரு முனையில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. அதன் நிழலில் போய் ஒதுங்கி நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பரோட்டா மாஸ்டர் மத்தியானத்துக்கு மாவு பிசைந்து, உருண்டை பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இரும்புத் துண்டின் முனையில் இருந்த உருண்டையும் அதே அளவுதான். என் விரல்கள் தானாகவே மடங்கின. கண்ணை மூடினால் அந்தத் துண்டு முழுசும் என் கையில் இருந்தது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கைக்குத் தெரிந்தது, வாய்க்குத்தான் தெரியவில்லை.

கிட்டே போய், கொஞ்சம் மாவு வேண்டும் என்று கேட்டேன்.

"பரோட்டாவா? அரை மணி நேரம் ஆவும்க்கா."

"பச்சை மாவு."

"பச்சை மாவா? இன்னாத்துக்கு?"

என்ன சொல்வது? ஒரு சாமான் செய்து காட்ட வேண்டும், லாரி சாமான் என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய உருண்டையைக் கிள்ளிப் போட்டார். நான் அங்கேயே மேடையின் ஓரத்தில் வைத்துப் பிடிக்க ஆரம்பித்தேன். பரோட்டா மாவு உங்களுக்குத் தெரியுமே, எண்ணெய் போட்டு அடித்த மாவு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நான் காது வைத்தால் காது உள்ளே போகும். வளைத்தால் நிமிரும். மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"அது ரப்பராட்டம் இழுக்கும்க்கா, நிக்காது. குடு இப்டி."

வாங்கி, மேலே மேலே வறட்டு மைதாவைத் தூவி, கல்லு மாதிரி அழுத்திப் பிசைந்து கொடுத்தார். இப்போது நின்றது. உருண்டையைப் பிடித்தேன். கழுத்தை இடது பக்கமாக வளைத்தேன். இரண்டு காது வைத்து, ஒன்றில் கட்டை விரலையும் ஒன்றில் சுண்டு விரலையும் விட்டு ஓட்டை போட்டேன். உருண்டைக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம் உண்டு, பிரஷ் அதில் போகாது, நகத்தால்தான் அழுக்கை எடுப்பேன். அதையும் நகத்தாலேயே வைத்தேன். மாஸ்டர் ஒரு வாழை இலைத் துண்டைக் கிழித்து அதன்மேல் வைத்துக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், "தின்னாத்தானேக்கா காசு" என்று சொல்லி அடுத்த உருண்டைக்குப் போய்விட்டார்.

இரண்டு கையிலும் இலையைப் பிடித்துக்கொண்டு, சாமிக்குப் படையல் கொண்டுபோகிற மாதிரி அந்தத் தெருவில் நடந்தேன். முதல் கடைக்காரரே பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, கொயக்கட்டையா?"

"சாம்பிள்" என்றேன்.

பக்கத்துக் கடைகளிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவர், வேக வைத்துக் கொண்டுவா, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் கடைக்காரர் இலையைத் தூக்கித் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஏய், இரு. இது அந்த மொட்டை வண்டி லிங்க்குடா" என்று சொல்லி உள்ளே போய்க் கிளறினார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைக் கொண்டு வந்து மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே உருண்டை, அதே இரண்டு காது. எல்லோரும் அதுதான் என்றார்கள். நான் கையில் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கழுத்து வலது பக்கம் வளைந்திருந்தது. இரண்டு ஓட்டையும் ஒரே அளவு.

அந்த இடத்தில்தான் அதுவரை என் வாழ்க்கையில் நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். ஐந்தாறு ஆண்கள் சுற்றி நிற்க, "இது இல்லீங்க" என்றேன்.

கடைக்காரருக்குக் கோபம். மத்தியான நேரத்தில் அரை மணி அவரைத் தேட வைத்திருக்கிறேன். "அதாம்மா இது. நெருப்புல காட்டி லேசா இந்தாண்ட வளைச்சிக்கினா சரியாப் போவுது" என்றார். வார்ப்பு இரும்பு, வளைத்தால் விட்டுவிடும் என்றேன். இப்போது என் குரல் எனக்கே கேட்டது.

"நீ இன்னா மெக்கானிக்கா?"

"இல்லீங்க. கழுவறவ."

மறுபடி சிரிப்பு. ஆனால் முன்பு சிரித்த மாதிரி இல்லை. பக்கத்தில் தரையில் சாக்கு விரித்து ஒரு அம்மா நட்டு, போல்ட்டுகளை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். வாய் நிறைய வெற்றிலை. சத்தம் கேட்டு எழுந்து வந்து, ஆண்களை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு இலையைக் குனிந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"இந்தாம்மே, இத்துலதான நான் எங்க ஆட்டைக் கட்டிக்கினு கீறேன்."

முதலில் எனக்குப் புரியவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கடைகளுக்குப் பின்னால் கூவம் ஓரமாக அவர் குடிசை. வாசலில் ஒரு வெள்ளாடு. அதன் கயிறு தரையில் பாதி புதைந்திருந்த ஒரு இரும்பின் ஓட்டையில் கட்டியிருந்தது. பெரிய ஓட்டை. கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டு நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கடப்பாரையால் நெம்பினார், நான் கையால் தோண்டினேன். வெளியே எடுத்து, தெருக் குழாயடியில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இடது பக்கம் வளைந்த கழுத்து. ஒரு பெரிய ஓட்டை, ஒரு சின்ன ஓட்டை. உருண்டைக்குக் கீழே நகம் போகிற பள்ளம்.

மாவோடு வைத்து ஒத்துப் பார்க்கலாம் என்று திரும்பினால், இலை காலியாக இருந்தது. ஆடு தின்றுவிட்டது. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கூடை போனதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

எவ்வளவு கொடுக்கட்டும் என்று கேட்டேன். "ஆடு வேணும்னா வெலை சொல்றேன். இதுக்கு இன்னாத்தச் சொல்றது, கீயே கெடந்தது" என்று சொல்லிவிட்டு ஆட்டைக் கட்டில் காலில் கட்டினார். நான் பஸ்ஸில் கூடையை விட்ட கதையைச் சொன்னேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. கேட்டுவிட்டு, "அடுத்த தபா கத்து. பஸ்ஸு நின்னா யாரு உன்ன அடிக்கப் போறா?" என்றார். அந்த இரும்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து, வீடு வருகிற வரைக்கும் யார் மடியிலும் கொடுக்காமல் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். ஆடு கட்டியிருந்தது என்றேன். காய்ச்சல் வேகத்தில் தனக்குத்தான் காதில் தப்பாக விழுகிறதோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் வியாழக்கிழமை அதை மாட்டினோம். மாட்டினோம் என்ன, நான்தான் மாட்டினேன். அவரால் ஒரு கையால் முடியாது. லாரிக்கு அடியில் நான் படுத்தேன், பக்கத்தில் அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிரீஸ் என் தலைமுடியெல்லாம். கடைசியில் அவர் மேலே ஏறி வலது கையால் எட்டிக் கியரைப் போட்டார். விழுந்தது. கீழே இருந்த என் கண் எதிரே அந்தத் துண்டு மெதுவாகத் திரும்பி நின்றது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வலது கை ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். கியர் போடுவது இடது கை. அந்தக் கையில்தான் கட்டு இருக்கிறது. வேறு டிரைவர் யாரையாவது கூப்பிடலாம் என்றேன். முதலாளி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இந்த வண்டியில நம்ம ரெண்டு பேரு கைதான் பட்டுக்கீது. மூணாவது கை எதுக்கு? நீ போடு" என்றார்.

இன்ஜினை ஓட்டாமலே அன்றைக்குப் பொழுது சாயும்வரை பழக்கினார். அவர் காலால் கிளட்ச்சை மிதித்து 'எடு' என்றால் நான் கியரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி மிதித்து 'போடு' என்றால் தள்ள வேண்டும். பழைய வண்டி, இரண்டு தடவை மிதிக்காவிட்டால் கியரின் பல்லோடு பல் கடிக்கும். மொட்டை லாரியில் அது ஒரு வசதி. இன்ஜின் பெட்டி இரண்டு சீட்டுக்கும் நடுவிலேயே இருக்கிறது. அதன் மேலே சாக்கை நாலாக மடித்துப் போட்டு நான் உட்கார்ந்தால், கியர் கம்பி என் வலது கைக்கு வாகாக வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி வந்தார். கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். காயலான் கடை வண்டியும் வந்து ஓரமாக நின்றது. ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் கேபினில் ஏறினேன். ஒரு பெண் எதற்கு ஏறுகிறாள் என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் இறங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கியர் கம்பியின் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்ஜின் பிடித்தது. பெட்டி என் அடியில் அதிர்ந்தது. 'போடு' என்றார். முதல் கியர் விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. ஷெட்டுக்கு நடுவில் இரண்டாவது கியர். கேட் தெரிந்தது. கேட்டுக்கு முன்னால் ரோட்டு மேட்டில் ஏற வேண்டும், நல்ல ஏற்றம். மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் திணற ஆரம்பித்தது. இரண்டாவது கியர் இழுக்கவில்லை, முதல் கியருக்கு இறங்க வேண்டும். நின்றுவிட்டால் பின்னால் உருளும், பின்னால் ஏரி.

"எடு."

எடுத்தேன்.

"போடு."

தள்ளினேன். பல் கடித்தது. கறகறவென்று கேபின் முழுக்கச் சத்தம். வண்டி நின்ற மாதிரி இருந்தது, லேசாகப் பின்னால் போன மாதிரியும் இருந்தது. வெளியே யாரோ கத்தினார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தார். "இன்னொரு தபா. மெதுவா" என்றார், சோறு போடு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக. நான் நடுவுக்குக் கொண்டுவந்து, மூச்சை விட்டு, அடியில் அந்தத் துண்டு எப்படித் திரும்பும் என்று மனசில் பார்த்துக்கொண்டே தள்ளினேன். உள்ளே போய் உட்கார்ந்தது. வண்டி உறுமிக்கொண்டு மேடேறி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் போய் நின்றது.

முதலாளி பின்னாலேயே நடந்து வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, மேலே பார்த்து, "யாருடா கியர் போட்டது?" என்றார். "வூட்ல" என்றார் இவர். நான் குனிந்துகொண்டேன். முதலாளி எதிரே இருந்த பெட்டிக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் எலுமிச்சம்பழம். புது வண்டி முதல் தடவை புறப்படும்போது சொந்தக்காரர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். எங்களுக்கு அது இன்னும் எங்கள் வண்டி ஆகவில்லை என்பதால் நாங்கள் வாங்கவில்லை. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குனிந்து, நாலு சக்கரத்துக்கும் வைத்தார். பிறகு தள்ளி நின்று கையைக் காட்டினார். எங்களைப் போகச் சொன்னார்.

இவர் என்னைப் பார்த்து, 'போடு' என்றார்.

அந்த வண்டி எங்களுக்குப் பல வருஷம் சோறு போட்டது. என் பெரிய பெண்ணின் கல்யாணத்துக்குச் சீர்வரிசைகூட அதில்தான் போனது. கை குணமான பிறகு என்னைக் கியர் போட அவர் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. விசேஷ வீட்டில் கடைசி வரிசையில்தான் உட்காருவேன். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிற பிள்ளைகள் என்னைக் கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதிக்கொண்டு போகிறார்கள், நானும் சரி என்று விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த மேட்டில், பல் கடிப்பது நின்று கியர் உள்ளே போய் உட்கார்ந்தபோது என் உள்ளங்கை வழியாக ஏறிய அந்த அதிர்வு மட்டும் இன்னும் இறங்கவில்லை. ஒரு முழு லாரியை மேடேற்றிய கை இது என்று, யாருக்கும் தெரியாமல், அவ்வப்போது அதை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.